பள்ளி மைதானத்தை ஊருக்கும் திறந்துவிட: சாவி வாங்குவது எப்படி, திருப்பிக் கொடுப்பது எப்படி

சாயங்காலம் மணி அடித்து அரை மணி நேரத்தில் பள்ளிக்கூட கேட்டைப் பூட்டிவிடுவார்கள். மறுநாள் காலை வரை ஊரிலேயே பெரிய மைதானம் சும்மா கிடக்கும். பையன்கள் ரோட்டோரம் வலையைக் கட்டி, பஸ் வரும்போதெல்லாம் ஆட்டத்தை நிறுத்தி ஒதுங்கி நிற்பார்கள், இல்லையென்றால் பின்பக்கச் சுவர் ஏறிக் குதிப்பார்கள். எங்கள் ஊர் அரசுப் பள்ளியில் பல வருடம் இதுதான் நடந்தது. சுவர் ஏறுகிறவனுக்கு அனுமதி தேவையில்லை, அதனால் பொறுப்பும் கிடையாது. காலையில் பாட்டில் கிடந்தால் யாரைப் போய்க் கேட்பது? நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்து கேட் வழியாகவே உள்ளே போக ஒரு ஏற்பாடு செய்தோம். அதில் பட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். இப்போதே சொல்லிவிடுகிறேன், அனுமதி வாங்குவது பாதி வேலைகூட இல்லை. சாவி யார் கையில் இருக்கிறது, காலை ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியர் கண்ணில் என்ன படுகிறது, இந்த இரண்டில்தான் எல்லாம் நிற்கிறது.

பள்ளி யாருடையது?

சின்னக் கேள்விதான், ஆனால் இது தெரியாமல் மனு எழுதினால் அது தவறான மேசையில் மாதக்கணக்கில் தூங்கும். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி, நடுநிலைப் பள்ளி என்றால் தலைமையாசிரியருக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர். உயர்நிலை, மேல்நிலை என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், அவருக்கு மேலே முதன்மைக் கல்வி அலுவலர். நகரத்தில் மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சியிலேயே கல்விப் பிரிவு இருக்கும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள் வேறு துறை. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் நிர்வாகத்தைத்தான் பார்க்க வேண்டும், தாளாளர் சரி என்றால் அநேகமாக வேலை முடிந்தது. இன்னொன்று, சில ஊர்களில் பள்ளி ஒரு இடத்தில் இருக்கும், பிள்ளைகள் விளையாடும் திடல் பக்கத்துப் புறம்போக்காக இருக்கும். அது எந்தக் கணக்கில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பதற்கு முன்னால் எண்ணுங்கள்

"ஊருக்கு மைதானம் வேண்டும்" என்று போனால் எடுபடாது. யாருக்கு, எத்தனை மணிக்கு, எத்தனை பேருக்கு என்று சொல்ல வேண்டும். ஒரு வாரம் சாயங்காலம் தெருவைக் கவனித்துக் குறித்து வையுங்கள். நாங்கள் கைப்பந்து ஆடும் பையன்களை மனதில் வைத்துத்தான் ஆரம்பித்தோம். எண்ணிப் பார்த்தபோது ரோட்டில் வேகமாக வண்டிகள் போகும் ஓரமாக நடைப்பயிற்சி போகும் பெண்கள் அவர்களைவிட அதிகமாக இருந்தார்கள், அதிலும் பாதிப் பேர் டாக்டர் நடக்கச் சொன்ன சர்க்கரைக்காரர்கள். அவர்கள் மனு எதுவும் கொடுக்க மாட்டார்கள், நீங்கள் போய்க் கேட்டால்தான் சொல்வார்கள். இதைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் தெரியுமா? முதல் வாரமே இருபது வயதுப் பையன்கள் மைதானம் முழுக்கப் பிடித்துக்கொள்வார்கள், மற்ற எல்லாரும் மெல்ல வராமல் போய்விடுவார்கள். காலை 5.30 முதல் 7 வரை நடப்பவர்களுக்கு, பள்ளி விட்ட உடனே ஒரு மணி நேரம் சின்னப் பிள்ளைகளுக்கு, அப்புறம் இருட்டும் வரை பெரியவர்களுக்கு என்று நேரத்தை முதலிலேயே வெட்டிவிடுவது நல்லது. வாரத்தில் இரண்டு நாள் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுதியே வையுங்கள். எழுதாவிட்டால் அந்த நாள் வராது.

தலைமையாசிரியரைப் பார்க்கும்போது

அரசியல்வாதியின் சிபாரிசோடு போகாதீர்கள், தயவுசெய்து. வேலை நடக்கும், ஆனால் முதல் தகராறு வந்த அன்றே கேட் மூடிக்கொள்ளும், அப்புறம் திறக்காது. உடற்கல்வி ஆசிரியரை முதலில் பிடியுங்கள், பி.டி. சாருக்கு உங்களில் பாதிப் பேரைத் தெரியும், யாருக்கு அடிவாங்கின சரித்திரம் உண்டு என்பது உட்பட.

தலைமையாசிரியர் முடியாது என்று சொன்னால் அது பிடிவாதம் இல்லை. எது நடந்தாலும் மெமோ அவர் பெயருக்குத்தான் வரும். குழாய் உடையும், வகுப்பறை பல்பு காணாமல் போகும், யாரோ ஒருவர் குடித்துவிட்டுப் படிக்கட்டில் கிடப்பார், நாளைக்கே ஒரு கட்சிக்காரர் "அவர்களுக்குக் கொடுத்தீர்கள், எங்கள் கூட்டத்துக்குக் கொடுக்க மாட்டீர்களா" என்று வந்து நிற்பார். அவர் இதையெல்லாம் கேட்பதற்கு முன்னால் நீங்களே எடுத்துச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லுங்கள். எங்கள் தலைமையாசிரியர் அரை மணி நேரம் பேசாமல் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரே கேள்விதான் கேட்டார்: "ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு போன் வந்தா, நான் யாருக்குப் போன் போடணும்?" எங்களிடம் பதில் இல்லை. திரும்பி வந்து முதலில் அதைத்தான் முடிவு செய்தோம்.

அவருக்குத் துணையாக நிற்கக்கூடியது பள்ளி மேலாண்மைக் குழு. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அமைந்தது, நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். குழுவில் தீர்மானம் போட்டால் தலைமையாசிரியர் தனியாக முடிவெடுத்தார் என்ற பேச்சு வராது. கூடவே கிராம சபையிலும் ஒரு தீர்மானம் வாங்கி வைத்தால் பலம். வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கூட்டம் கலைகிற நேரத்தில் போய் நிற்காமல் முன்னாலேயே பொருளில் சேர்க்கச் சொல்லுங்கள்.

மனுவை இப்படி எழுதலாம்:

பொருள்: பள்ளி நேரம் முடிந்த பின் விளையாட்டு மைதானத்தைப் பயன்படுத்த அனுமதி கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மா, எங்கள் ஊரைச் சேர்ந்த கீழே கையொப்பமிட்டுள்ளவர்கள், பள்ளி வேலை நாட்களில் மாலை 5 முதல் 6.30 வரையிலும், தினமும் காலை 5.30 முதல் 7 வரையிலும் மைதானத்தை மட்டும் விளையாட்டுக்கும் நடைப்பயிற்சிக்கும் பயன்படுத்த அனுமதி வேண்டுகிறோம். வகுப்பறைகளைப் பயன்படுத்த மாட்டோம். கட்டணம் எதுவும் வசூலிக்க மாட்டோம். திறப்பதும் பூட்டுவதும் கீழ்க்கண்ட மூவர் பொறுப்பு. சேதம் ஏற்பட்டால் ஒரு வாரத்துக்குள் சரிசெய்து தருவோம். முதலில் மூன்று மாதம் சோதனையாக அனுமதிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

அவ்வளவு போதும். "இளைஞர் சமுதாயத்தின் வளமான எதிர்காலத்தைக் கருத்தில் கொண்டு" என்று ஒரு பக்கம் எழுதாதீர்கள், யாரும் படிப்பதில்லை. மேலதிகாரிக்குப் போக வேண்டும் என்றால் தலைமையாசிரியர் வழியாகவே அனுப்புங்கள். நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த "மூன்று மாதம் சோதனையாக" என்ற வார்த்தைதான் எங்களுக்குக் கேட்டைத் திறந்தது என்று இன்றைக்கும் நினைக்கிறேன். நிரந்தரமாகக் கொடுக்க யாருக்கும் கை வராது.

சாவி

மூன்று பேர், மூன்று சாவி, ஒரு நோட்டு. திறந்தவர் நேரம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், பூட்டியவரும் அப்படியே. இதில் எங்களுக்கு ஒரு அடி விழுந்தது. இரண்டாவது மாதம் ஒருவர் அவசரமாக வெளியூர் போகிறேன் என்று சாவியைத் தம்பியிடம் கொடுத்தார், தம்பி அவன் நண்பனிடம் கொடுத்தான், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி உள்ளே பிறந்தநாள் கொண்டாட்டம். காலையில் மேடை முழுக்க கேக்கும் சிகரெட் துண்டும். பள்ளி வளாகத்தில் புகைபிடிப்பதே குற்றம், சுற்றி 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கவே கூடாது என்று 2003 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. யாரும் வந்து சொல்வதற்கு முன்னால் நாங்களே ஏழு மணிக்குப் போய் மேடையைக் கழுவி, தலைமையாசிரியர் வந்ததும் நடந்ததைச் சொல்லி, சாவியை மேசையில் வைத்து, ஒரு வாரம் நாங்களே மூடிக்கொள்கிறோம் என்றோம். அந்த ஒரு வாரம் இல்லையென்றால் இன்றைக்கு மைதானம் இல்லை. சாவி கைமாறக் கூடாது. ஊரில் இல்லை என்றால் அன்று அவர் முறை ரத்து.

கேட்டிலிருந்து மைதானத்துக்குப் போகும் வழி வகுப்பறைகளை ஒட்டி இருந்தால், நடுவில் ஒரு சங்கிலியோ கயிறோ கட்டி எல்லை காட்டுங்கள். சிங்கப்பூரில் பள்ளி மைதானங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட அரசே ஒரு திட்டம் வைத்திருக்கிறது, அங்கே மைதானம் ஒரு பக்கம், பள்ளிக் கட்டடம் ஒரு பக்கம் என்று பிரித்துவிடுகிறார்கள். நமக்கு அவ்வளவு வசதி வேண்டாம், கயிறு போதும். மனசிலும் ஒரு கோடு விழும்.

கழிப்பறைதான் உண்மையான தகராறு. திறந்துவிட்டால் காலையில் பிள்ளைகள் நாற்றத்தோடு உட்கார வேண்டும், பூட்டிவிட்டால் பெண்கள் வர மாட்டார்கள். நாங்கள் ஓரத்தில் இருந்த ஒன்றை மட்டும் திறந்து, பள்ளியின் தூய்மைப் பணியாளர் அக்காவுக்கு எங்கள் கைக்காசில் மாதாமாதம் தனியாகக் கொடுக்கிறோம். அவருக்குக் கிடைப்பது ஏற்கெனவே சொற்பம், நம்மால் கூடும் வேலையை அவர் தலையில் சும்மா கட்டுவது நியாயமே இல்லை. வெளிச்சத்துக்குப் பள்ளி மின் இணைப்பைத் தொடாதீர்கள். ஊராட்சியிடம் கேட்டு, சுவருக்கு வெளியே உள்ள தெருவிளக்குக் கம்பத்தில் மைதானத்தைப் பார்த்து ஒரு விளக்கு போடச் சொல்லுங்கள், கரண்ட் பில் பிரச்சினையே வராது.

கோடு போடும்போது

கைப்பந்துக்கு 18-க்கு 9 மீட்டர் கோர்ட், சுற்றி மூன்று மூன்று மீட்டர் விட்டால் 24-க்கு 15. பூப்பந்துக்கு 24-க்கு 12 வேண்டும், அதாவது அதே இடத்தில் வேறு நாளில் அதையும் ஆடலாம் (இறகுப்பந்தைச் சொல்லவில்லை, கம்பளிப் பந்தில் ஐந்து ஐந்து பேராக ஆடுவது). ஆண்கள் கபடிக்கு 13-க்கு 10. வலைக் கம்பத்தைக் கான்கிரீட்டில் நட்டுவிடாதீர்கள், காலையில் பிள்ளைகள் ஓடி வந்து மோதும். தரைமட்டத்துக்குக் கீழே ஒரு இரும்புக் குழாயைப் பதித்து, கம்பத்தை அதில் செருகி எடுக்கிற மாதிரி செய்யுங்கள், எடுத்ததும் மூடி போட்டுவிடுங்கள். கொக்கிகளை 2.43 மீட்டரிலும் 2.24 மீட்டரிலும் வைத்தால் ஆண்கள், பெண்கள் இருவருக்கும் ஒரே கம்பம். கிரிக்கெட் என்றால் டென்னிஸ் பந்து மட்டும், ஜன்னலுக்கு முதுகு காட்டி. மழை பெய்த மறுநாள் யாரையும் விடாதீர்கள், ஐப்பசியில் ஒருநாள் சேற்றில் ஆடிய தடம் தை மாதம் வரை கல்லாகிக் கிடக்கும்.

யார் ஆடுகிறார்கள்

இதை எழுதாமல் விட முடியாது. நம் ஊர்களில் "தெரு அணி" என்றால் பல நேரம் அது சாதி அணிதான். மேலத்தெருவும் காலனியும் எதிரெதிரே நின்றால் மூன்றாவது பாயிண்ட்டிலேயே வார்த்தை தடிக்கும். பள்ளிகளில் சாதி மோதல் பற்றி ஆராய்ந்த நீதிபதி சந்துரு குழு 2024-ல் கொடுத்த அறிக்கையில் கையில் கட்டும் வண்ணக் கயிற்றைக்கூடத் தடை செய்யச் சொன்னது என்றால் விஷயம் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று பாருங்கள். நாங்கள் தெருப் பெயரில் அணி கிடையாது என்று வைத்திருக்கிறோம், தினமும் சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்பது. சாவி வைத்திருக்கும் மூன்று பேரும் ஒரே தெருவாக இருக்கக் கூடாது. ஆரம்பத்தில் சிலர் முறைத்துக்கொண்டு வராமல் இருந்தார்கள். ஆள் குறைந்து ஆட்டம் நின்ற நாட்களும் உண்டு, அதற்காக மாற்றவில்லை.

சின்னப் பிள்ளைகள் நேரத்தில் எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். தனியாக ஒரு பிள்ளையை ஸ்டோர் ரூமுக்கு அனுப்புவது, வண்டியில் கொண்டுபோய் விடுவது எதுவும் வேண்டாம். பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லாருக்கும் பொருந்தும், தகவல் தெரிந்தும் சொல்லாமல் இருப்பதும் குற்றம். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சுவரில் பெரிதாக எழுதி வையுங்கள். பிள்ளைகள் போட்டோவை ஸ்டேட்டஸில் போடும் ஆர்வத்தை அடக்கிக்கொள்ளுங்கள்.

பணம் வசூலித்து நடத்தும் பயிற்சி மையம், கல்யாணப் பந்தல், கட்சிக் கூட்டம், சாமி ஊர்வலம் எதற்கும் இடமில்லை என்று அனுமதிக் கடிதத்திலேயே இருக்கட்டும். ஒருவருக்குக் கொடுத்தால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டியிருக்கும். பள்ளிக்கு யாராவது நன்கொடை தர நினைத்தால் உங்கள் கையில் வாங்காதீர்கள், 2022-ல் தொடங்கிய "நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி" திட்டம் அதற்குத்தான் இருக்கிறது. உங்கள் கணக்கு வலை, பந்து, சுண்ணாம்பு, அக்காவின் பணம் என்று ஒரு நோட்டில் முடிய வேண்டும்.

கடைசியாக மார்ச். பொதுத்தேர்வு மையமாக இருக்கும் பள்ளி என்றால் தலைமையாசிரியர் கேட்பதற்காகக் காத்திருக்காதீர்கள், பிப்ரவரி கடைசியிலேயே மூன்று சாவியையும் நோட்டையும் அவர் மேசையில் வைத்துவிடுங்கள். வாக்குச்சாவடி ஆகும்போதும் அப்படியே. போன வருடம் தேர்வு முடிந்த மறுநாள் நாங்கள் போய்க் கேட்கவில்லை, அவரே பி.டி. சாரிடம் சாவியைக் கொடுத்தனுப்பியிருந்தார். கூடவே ஒரு புதுப் பூட்டு, பழையது துருப்பிடித்துவிட்டதாம்.