காந்தம் தூக்கும், வழிகாட்டாது: மிதவை வண்டி வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தடத்திலும் வண்டியின் அடியிலும் ஒத்த துருவங்கள் எதிரெதிரே வரும்படி நிரந்தரக் காந்தங்களைப் பதித்தால் வண்டி மிதக்கும்; மின்சாரம் வேண்டாம், சக்கரமும் வேண்டாம். பலரும் இந்த நம்பிக்கையோடுதான் தொடங்குகிறார்கள். மின்சாரம் வேண்டாம் என்பது சரி. சக்கரம் வேண்டாம் என்ற இடத்தில்தான் திட்டம் சறுக்குகிறது.

நிரந்தரக் காந்தங்களை எப்படி அடுக்கினாலும், அவற்றை மட்டும் கொண்டு ஒரு பொருளை எல்லாத் திசையிலும் நிலையாக மிதக்க வைக்க முடியாது. சாமுவேல் எர்ன்ஷா 1842-இல் வெளியிட்ட தேற்றத்திலிருந்து கிடைக்கும் முடிவு இது. இரும்பு கலக்காத, நீண்ட, சீரான தடத்தில் இந்தக் கணக்கு இன்னும் கறாரானது. விறைப்பு என்பது வண்டி ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் அதைப் பழைய இடத்துக்குத் திருப்பித் தள்ளும் விசை. மூன்று திசைகளின் விறைப்பையும் கூட்டினால் சுழியம்தான் வரும். தடத்தின் நீளவாக்கில் விறைப்பே இல்லை. ஆகவே மேல்கீழாக எவ்வளவு விறைப்பு கிடைக்கிறதோ, அதே அளவு விறைப்பு பக்கவாட்டில் எதிர்மறையாக நிற்கும். மில்லிமீட்டருக்கு 100 நியூட்டன் விறைப்புடன் தாங்கப்படும் வண்டி நடுக்கோட்டிலிருந்து 2 மி.மீ. விலகினால், 200 நியூட்டன் விசை அதை மேலும் வெளியே தள்ளும். இன்னும் வலிமையான காந்தத்தைப் போட்டுச் சரிசெய்யப் பார்ப்பது கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிவதுதான். தூக்கும் விறைப்பு கூடும்போது தள்ளும் விறைப்பும் சேர்ந்தே கூடுகிறது.

இருபுறமும் வழிகாட்டு உருளைகளை வைப்பதே நேர்மையான தீர்வு. பெர்லினில் 1980-களில் கட்டப்பட்ட எம்-பான் ரயிலில் எடையின் பெரும்பகுதியை நிரந்தரக் காந்தங்கள் தாங்கின. இடைவெளியைக் காத்தவை சக்கரங்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை. ஆனால் உருளைக்கும் தடத்துக்கும் இடையே தாராளமாக இடம் விட்டுவிடக் கூடாது. அங்கே விடும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து உருளையை அழுத்தும் விசையைக் கூட்டும்.

அடுத்த தவறு, ஹால்பாக் அடுக்கைத் திசை மாற்றிப் பதிப்பது. காந்தப்புலத்தை ஒரு பக்கமாகக் குவிக்கும் அந்த அமைப்பின் துருவ மாற்றம் தடத்தின் குறுக்கே இருக்க வேண்டும். அதைத் தடத்திலும் வண்டியிலும் நீளவாக்கில் அமைத்தால், வண்டியைக் கையால் தள்ளும்போதே தெரிந்துவிடும்: ஒவ்வொரு பள்ளமாக விழுந்து, நின்று, தாவிப் போகும். குறுக்கே அமைத்தாலும் காந்தக் கட்டைகளின் இணைப்பில் இடைவெளி விட்டால் அதே தொல்லை சிறிய அளவில் வரும்.

பொருள் கையாளும் வண்டிகளில் அதிகம் மறக்கப்படுவது சுமை மாற்றம். எதிரெதிரே வைத்த இரண்டு ஹால்பாக் அடுக்குகளின் அலைநீளம் (துருவ மாற்றம் ஒரு முழுச் சுற்று முடிந்து மீண்டும் தொடங்கும் தூரம்) 40 மி.மீ. என்றால், இடைவெளி ஏறத்தாழ 4.4 மி.மீ. கூடும்போதெல்லாம் விலக்கு விசை பாதியாகும். வெறும் வண்டி 50 கிலோ, சுமையோடு 200 கிலோ என்று வைத்துக்கொள்வோம். எடை நான்கு மடங்கானதும் மேடை கிட்டத்தட்ட 9 மி.மீ. இறங்கிவிடும். பக்கத்திலுள்ள கன்வேயரின் உயரமோ மாறுவதில்லை. பெட்டி விளிம்பில் இடித்து நிற்கும்போதுதான் பலருக்கு இது உறைக்கிறது. சுமை ஏற்றும் இடத்தில் வண்டியை உறுதியான தாங்கிகளில் அமர்த்துவது நல்லது.

இதே அமைப்பு நொடிக்கு ஏறத்தாழ 6 முறை மேலும் கீழும் ஆடும். காந்தத்தில் அதைத் தணிக்க எதுவும் இல்லை. காந்தப்புலத்துக்குள் செம்பு அல்லது அலுமினியத் தகடு வைத்தால், அதில் எழும் சுழல் மின்னோட்டம் ஆட்டத்தை அடக்கும். தகட்டை வண்டியில் பொருத்துங்கள். அப்போது அது தடத்தின் சீரான புலத்தின் வழியே செல்வதால், மேல்கீழ் ஆட்டம் தணியும், ஓட்டத்தைத் தடுக்கும் இழுவை குறைவாகவே இருக்கும்.

வெப்பம் பற்றிச் சுருக்கமாக: சாதாரணத் தர நியோடிமியம் காந்தத்தின் வரம்பு 80 டிகிரி செல்சியஸ். விலக்கு முறையில் காந்தங்கள் ஒன்றின் புலத்தை மற்றொன்று எதிர்த்துக்கொண்டே இருப்பதால் அந்த வரம்பையும் முழுதாக நம்ப முடியாது. அதிகச் சுமையும் சூடும் ஒன்றாக வந்தால் இழக்கும் வலிமை ஆறிய பிறகும் திரும்பாது. உலை அருகே 150 டிகிரி தாங்கும் தரத்தை வாங்குவதே உத்தமம்.

கடைசியாக, இரும்புத்தூள். பட்டறைத் தரையில் கிடக்கும் சீவல்களைத் திறந்த தடம் நாள்தோறும் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும், துடைப்பத்தால் எடுக்க முடியாது. காந்தங்களின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைத் தனித்தனித் துண்டுகளாகப் பதித்துவிட்டால், துண்டைத் தூக்கித் தள்ளிக்கொண்டுபோய்த் தட்டியதும் தூள் தானாக உதிரும்.