வனவிலங்கு மேலாண்மை படிப்பு: கம்யூனிட்டி காலேஜில் எங்கே கோட்டை விடுகிறார்கள்?

அமெரிக்காவில் வனவிலங்கு மேலாண்மை படிக்க நேராக நான்காண்டுப் பல்கலைக்கழகத்துக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. வட கரோலினாவில் ஹேவுட், ஓஹையோவில் ஹாக்கிங் என்று இரண்டாண்டுக் கல்லூரிகளிலேயே இந்தப் படிப்பு இருக்கிறது. ஃபீஸ் குறைவு, முதல் வருடத்திலேயே காட்டுக்குள் இறக்கிவிடுவார்கள். ஆனால் எந்த டிகிரியில் சேர்ந்திருக்கிறோம் என்றே பார்க்காமல் பலர் சேர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டாண்டு டிகிரியில் இரண்டு வகை. பொதுவாக, ஏ.ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் அப்ளைடு சயின்ஸ்) என்பது படித்ததும் வேலைக்குப் போவதற்கு. ஏ.எஸ். (அசோசியேட் ஆஃப் சயின்ஸ்) என்பது பல்கலைக்கழகத்துக்கு மாறுவதற்கு. டெக்னீஷியன் வேலை போதும் என்றால் ஏ.ஏ.எஸ். நல்ல படிப்புதான், ஃபெடரல் அரசின் டெக்னீஷியன் பதவியில் (பதவி எண் 0404), தேவையான அறிவியல் பாடங்களோடு இரண்டாண்டு படித்தவர்கள் ஜி.எஸ்-4 என்ற சம்பள நிலைக்கு விண்ணப்பிக்கலாம். பயாலஜிஸ்ட் ஆக வேண்டும் என்பவர் அதில் உட்கார்ந்தால்தான் சிக்கல். பல்கலைக்கழகம் பாதிப் பாடங்களை "எலெக்டிவ்" (விருப்பப் பாடம்) என்று ஓரம் கட்டிவிட்டால் பணமும் போச்சு, ஒரு வருடமும் போச்சு. "மாத்திக்கலாம், பிரச்சினை இல்லை" என்று யாரோ வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பாதீர்கள். எந்தப் பாடம் அங்கே எந்தப் பாடமாகக் கணக்காகும் என்று இரு கல்லூரிகளுக்கும் இடையே எழுத்தில் இருக்கும் ஒப்பந்தத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

அடுத்தது பாடத் தேர்வு. விலங்குப் பிரியர்கள் தாவரவியலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். ஃபெடரல் அரசின் வனவிலங்கு பயாலஜிஸ்ட் பதவிக்கு (பதவி எண் 0486) உயிரியல் பட்டத்துக்குள் வனவிலங்குப் பாடங்களில் 9, விலங்கியலில் 12, தாவரவியலில் 9 செமஸ்டர் கிரெடிட் இருந்தாக வேண்டும். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும், கரடிகளோடு பத்து வருடம் பழகியிருந்தாலும், விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இந்தக் கணக்கை முதல் செமஸ்டரிலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டி வையுங்கள். வேலை என்று பார்த்தாலும் பாதி நேரம் செடிகளோடுதான்: மான் எதைக் கடித்திருக்கிறது, எதை விட்டிருக்கிறது என்று தெரியாமல் அந்தக் காடு எத்தனை மானைத் தாங்கும் என்று எப்படிச் சொல்வது? புள்ளியியலையும் பயந்து ஒதுக்காதீர்கள். விலங்குகளை யாரும் ஒவ்வொன்றாக எண்ணுவதில்லை, மதிப்பிடுகிறார்கள்.

வேட்டை என்றதும் முகம் சுளிப்பதும் ஒரு தவறு. நம்மவர் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைக் கொஞ்சம் அதிகமாகவே பார்க்கலாம். மாநில வனவிலங்குத் துறைகளின் வண்டி ஓடுவதே பெரும்பாலும் வேட்டை, மீன்பிடி உரிமக் கட்டணத்திலும், 1937-இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டத்தின்படி துப்பாக்கி, தோட்டாக்களுக்கு விதிக்கும் 10, 11 சதவீத வரியிலும்தான். நீங்கள் சுட வேண்டாம். ஆனால் சீசனில் சோதனைச் சாவடியில் நின்று, சுடப்பட்ட வெண்வால் மானின் தாடையைத் திறந்து பல்லைப் பார்க்க வேண்டிவரும். மூன்றாவது முன்கடைவாய்ப் பல்லில் மூன்று மேடு இருந்தால் அது இன்னும் பால்பல். மான் குட்டியாக இருக்கும், இல்லை ஒன்றரை வயதை ஒட்டி இருக்கும். இரண்டே மேடு என்றால் பல் விழுந்து முளைத்துவிட்டது, வயது அதற்கு மேல். அடுத்த ஆண்டு எத்தனை உரிமம் கொடுக்கலாம் என்ற கணக்குக்கு இந்த வயது விவரமும் போய்ச் சேர்கிறது. இரத்த வாடை ஒத்துக்கொள்ளாதவர்கள் இதைச் சேருமுன் யோசிப்பது நல்லது.

கோடைக்கால டெக்னீஷியன் வேலைகளுக்குப் பலர் ஏப்ரலில்தான் தேட ஆரம்பிக்கிறார்கள். பல வேலைகளுக்கு அறிவிப்பு குளிர்காலத்திலேயே வந்து முடிந்துவிடும். டிரைவிங் லைசென்ஸும் கட்டாயம் வேண்டும்.

எஃப்-1 மாணவர் விசாவில் வருபவர்களுக்குக் கணக்கே வேறு. ஃபெடரல் வேலைகள் பெரும்பாலும் குடியுரிமை கேட்பவை. படிப்பு முடிந்தபின் வேலை செய்யக் கிடைக்கும் அனுமதியான ஓ.பி.டி.யை, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கு நீட்டித்துத் தரும் ஸ்டெம் நீட்டிப்பும் இளங்கலைப் பட்டம் முதல்தான், இரண்டாண்டு டிகிரிக்குக் கிடையாது. அவர்கள் ஏ.ஏ.எஸ். பக்கமே போகாமல், ஏ.எஸ். முடித்துப் பல்கலைக்கழகத்துக்கு மாறுவதுதான் சரிப்பட்டு வரும்.