கிளைகோலிப்பிடு நொதிகள்: 'கோல்கியில்' என்று எழுதி நிறுத்திவிடாதீர்கள்

விலங்கு செல்லில் கிளைகோலிப்பிடு (சர்க்கரை இணைந்த கொழுப்பு) எங்கே உருவாகிறது என்று கேட்டால், 'கோல்கி உறுப்பில்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது பாதி விடைதான். எந்த உறுப்பு என்பதோடு, அதன் சவ்வில் எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அதிகம் சறுக்கும் இடம் இதுதான். அடிப்படைப் பொருளான செராமைடு என்ற கொழுப்பு எண்டோபிளாச வலையில் தயாராகி கோல்கிக்கு வருகிறது. அங்கே அதனுடன் குளுக்கோஸைச் சேர்த்து குளுக்கோசில்செராமைடு ஆக்குவது குளுக்கோசில்செராமைடு சிந்தேஸ் என்ற நொதி. நொதி கோல்கிச் சவ்வில் பதிந்திருந்தாலும் அதன் வினைமையம் சைட்டோசாலை, அதாவது உறுப்புகளுக்கு வெளியே உள்ள செல் திரவத்தை, பார்த்தபடி இருக்கிறது. குளுக்கோஸைத் தரும் மூலக்கூறான யூடிபி-குளுக்கோஸ் சைட்டோசாலிலேயே கிடைத்துவிடும். ஆனால் அடுத்து கேலக்டோஸைச் சேர்த்து லாக்டோசில்செராமைடு ஆக்கும் நொதி வேலை செய்வது கோல்கியின் உள்ளே. அப்படியானால் குளுக்கோசில்செராமைடு சவ்வின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் புரண்டே ஆக வேண்டும். அந்தப் புரளலைக் காட்டாமல் எல்லா நொதிகளையும் உள்ளே அடுக்கி வரைந்த படங்களை நம்பாதீர்கள். சியாலிக் அமிலம் போன்ற பின்னால் வரும் சர்க்கரைகள் எல்லாம் உட்பக்கத்தில்தான் சேர்கின்றன. கோல்கியின் உட்பக்கம் செல்சவ்வை அடையும்போது வெளிப்பக்கமாகிவிடும். கேங்லியோசைடுகளின் (சியாலிக் அமிலம் கொண்ட கிளைகோலிப்பிடுகள்) சர்க்கரைகள் செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பது அதனால்தான்.

குளுக்கோசில்செராமைடுக்குச் சொன்னதைக் கேலக்டோசில்செராமைடுக்கும் அப்படியே பொருத்துவது இன்னொரு தவறு. நரம்பிழைகளைச் சுற்றியுள்ள மயலின் உறையில் நிறைந்திருக்கும் இந்த லிப்பிடை உருவாக்கும் நொதி இருப்பது எண்டோபிளாச வலையில், அதுவும் உட்பக்கம். அப்புறம் சல்ஃபேட் சேர்ந்து சல்ஃபடைடு ஆவது மட்டும் கோல்கியில்.

ஆய்வகத்தில் ஒளிரும் புரதம் ஒட்டி நொதியின் இடத்தைப் பார்ப்பவர்களுக்கு ஒன்று: அளவுக்கு மீறி உற்பத்தி செய்யவைத்த கோல்கி நொதி எண்டோபிளாச வலையில் தேங்கி நிற்கலாம். அதை இயல்பான இருப்பிடம் என்று எழுதிவிடாதீர்கள்.

கட்டும் நொதியையும் சிதைக்கும் நொதியையும் ஒரே இடத்தில் வைப்பதும் சகஜம். சிதைவு லைசோசோமில் நடக்கிறது. காச்சர் நோய் என்ற மரபுவழி நோயில் பழுதாவது, குளுக்கோசில்செராமைடை அங்கே சிதைக்கும் குளுக்கோசெரிப்ரோசிடேஸ். சிகிச்சையில் இந்த வித்தியாசம் பளிச்சென்று தெரியும்: டிரிப்ஸ் வழியாக ஏற்றும் இமிகுளூசரேஸ், குறைபட்ட நொதிக்கு மாற்றாக லைசோசோமுக்குள் போய்ச் சேர வேண்டும், வாய்வழி கொடுக்கும் எலிகுளூஸ்டாட்டோ கோல்கியில் உள்ள குளுக்கோசில்செராமைடு சிந்தேஸைத் தடுத்து, உற்பத்தியையே குறைக்கிறது.