பீட்டர்ஸ்பர்க் வருகிறீர்களா? உங்கள் விடுதி எந்தத் தீவில் என்று கேளுங்கள்

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்குக்குப் படிக்க அனுப்பும் சென்னை ஏஜென்ட் "ஹாஸ்டல் சிட்டி சென்டர்லதான்" என்பார். வரைபடத்தில் பார்த்தால் அது உண்மைதான். நடுவில் நேவா ஆறு ஓடுவதை மட்டும் சொல்ல மாட்டார்.

அரசு வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமான நிலையத்தில் தரும் மைக்ரேஷன் கார்டை, அதாவது நாட்டுக்குள் நுழைந்ததற்கான சீட்டை, தொலைக்காதீர்கள். ஏழு வேலை நாட்களுக்குள் முகவரிப் பதிவு முடிய வேண்டும், அதனால் இறங்கிய மறுநாளே விடுதி அலுவலகத்துக்குப் போய்விடுங்கள். நம் ஊர் வங்கிகள் தரும் விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் எதுவும் 2022 மார்ச்சிலிருந்து இங்கே வேலை செய்யாது. கையில் ரூபிள் இருக்கட்டும்.

இனி பாலங்கள். 1703இல் பேரரசர் பீட்டர் இந்த நகரத்தை ஆற்று முகத்துவாரத் தீவுகளின் மேல் தொடங்கினார். மாணவர் விடுதிகள் பல இருக்கும் வாசிலியெவ்ஸ்கி தீவு அவற்றில் ஒன்று. ஏப்ரல் முதல் நவம்பர் வரை சரக்குக் கப்பல்கள் போவதற்காக இரவு ஒரு மணிக்கு மேல் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். காலை ஐந்து மணி வரை இதுதான் நிலை. இடையில் மூன்று மணிவாக்கில் சில பாலங்களைக் கொஞ்ச நேரம் இறக்குவார்கள். மெட்ரோவும் நள்ளிரவோடு நின்றுவிடும்.

என் நண்பன் ஒருவனுக்குத் தங்கை கல்யாணம், விடியற்காலை விமானம். பெட்டியும் பாஸ்போர்ட்டும் தீவில் இருந்த அறையில். இவனோ எதிர்க்கரையில் நெவ்ஸ்கி சாலையில் நண்பர்களோடு சாப்பிட்டுவிட்டு, ரெண்டு மணிக்குப் போனால் போதும் என்று இருந்தான். போய்ப் பார்த்தால் அரண்மனைப் பாலம் வானத்தைப் பார்த்து நிற்கிறது. சுங்கச் சாலையைச் சுற்றிக்கொண்டு தீவுக்குப் போக வழி உண்டு. டாக்ஸிக்காரர் கேட்ட பணம்தான் கையில் இல்லை, சட்டைப் பையில் இருந்தது இந்திய கார்டு. மூன்று மணிவாக்கில் பாலம் இறங்குவது பற்றி அவனுக்கு யாரும் சொல்லவில்லை. விமானம் போயிற்று. முகூர்த்தத்தை வீடியோ காலில் பார்த்தான். ஏஜென்டுக்கு போன் செய்தபோது, "அதெல்லாம் கூகுள்ல இருக்குமே தம்பி" என்றாராம். கட்டணம் மட்டும் லட்சக்கணக்கில்!

தீவில் இன்னொரு குழப்பமும் உண்டு. ஒரே தெருவின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனிப் பெயர். இந்தப் பக்கம் 6ஆவது லைன், எதிர்ப்பக்கம் 7ஆவது லைன். பீட்டர் அங்கே கால்வாய்கள் வெட்ட நினைத்தார், லைன்கள் அவற்றின் கரைகள். கால்வாய்த் திட்டம் நிறைவேறாமல் போயிற்று, கரைக் கணக்கு மட்டும் நின்றுவிட்டது. நம் ஊரில் பழைய எண், புதிய எண் பார்த்துப் பழகியவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை.

இவ்வளவு திட்டினாலும் அந்தத் தீவு எனக்குப் பிடிக்கும். கரையோரம் நடந்தால் எகிப்திலிருந்து 1832இல் வந்த ஸ்பிங்க்ஸ் சிலைகள் இரண்டு. அப்படியே போனால் குன்ஸ்ட்கமேரா அருங்காட்சியகம். அங்கே வேலை பார்த்த அலெக்சாண்டர் மெர்வார்த், மனைவி லுத்மிலாவோடு 1914 முதல் 1918 வரை இலங்கையிலும் இந்தியாவிலும் சுற்றிப் பொருட்கள் சேகரித்தார். 1929இல் பேச்சுத் தமிழுக்கு ரஷ்ய மொழியில் ஓர் இலக்கணமே எழுதி வெளியிட்டார். மறு வருடமே கைதானார், கட்டாய உழைப்பு முகாமில் இறந்தார். வகுப்புக்குப் போகிற வழிதானே, ஒருநாள் உள்ளே போய்ப் பாருங்கள்.

அப்புறம், ஜூன் கடைசியில் இரவு இருட்டவே இருட்டாது. பாலம் தூக்குவதைப் பார்க்க எல்லோரும் கூட்டமாகக் கிளம்புவீர்கள். போங்கள், ஆனால் உங்கள் அறை இருக்கும் கரையில் நின்று பாருங்கள். அந்த வாரம் ஊருக்குப் பயணம் என்றால் பாஸ்போர்ட்டும் பையிலேயே இருக்கட்டும்.