கொங்கு வீட்டுப் பெண் குழந்தைக்கு எளிய பழம்பெயர் தேடும் முறை

பெண் குழந்தைக்குப் பழம்பெயர் வைக்க விரும்பும் பெற்றோர், எந்தத் தலைமுறையின் பெயரைத் தேடுகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும். சாந்தி, கலா, கீதா, விஜயா ஆகியவை இப்போது பேரன் பேத்தி எடுத்துக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள். அவை நம் காதுக்கு இன்னும் பழகியே இருப்பதால், பழமையின் அழகு அவற்றில் இன்னும் ஏறவில்லை. அவர்களுடைய தாயும் பாட்டியும் வாழ்ந்த காலத்தில் கோவை, ஈரோடு, கரூர், நாமக்கல் பக்கங்களில் வள்ளியம்மாள், தெய்வானை, பொன்னாத்தாள், மயிலாத்தாள், செல்லாயி, பாவாயி, அருக்காணி என்று வழங்கிய பெயர்களே இன்று கேட்கும்போது புதியவையாக ஒலிக்கின்றன. தேட வேண்டிய இடம் அந்தத் தலைமுறைதான்.

இந்தப் பெயர்களைத் திரட்டுவதற்குப் பெயர்ப் பட்டியல் புத்தகம் தேவையில்லை. அப்பாவைப் பெற்ற அப்பாருவும் ஆத்தாளும் ஒரு பக்கம், அம்மாவைப் பெற்ற அப்புச்சியும் அமுச்சியும் மறுபக்கம் என்று இரு வழியிலும் மூன்று தலைமுறைப் பெண்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதினாலே பதினைந்து இருபது பெயர்கள் சேர்ந்துவிடும். வீட்டுப் பெட்டியில் கிடக்கும் பழைய கிரயப் பத்திரங்கள், கல்யாணப் பத்திரிகைகள், குடும்ப அட்டைகள் ஆகியவையும் உதவும். ஆனால் பத்திரத்தில் இருக்கும் பெயரும் ஊர் அழைத்த பெயரும் பலருக்கு வேறு வேறாக இருந்திருக்கும் என்பதால், மூத்த பெண்கள் யாரேனும் உடனிருந்து சொன்னால்தான் தாள் முழுமையாகும். அழைத்த பெயர்தான் பெரும்பாலும் எளிமையாக இருக்கும். மேட்டுப்பாளையத்தை அடுத்த தேக்கம்பட்டியில் முதுமையிலும் இயற்கை வேளாண்மை செய்து 2021ஆம் ஆண்டு பத்மஸ்ரீ பெற்ற பாப்பம்மாளை எண்ணிப் பாருங்கள். பாப்பா என்ற கொஞ்சல் சொல்லிலிருந்து வந்த பெயர்தான் அது.

அடுத்த வேலை, பெயரின் பின்னொட்டைக் கழற்றிப் பார்ப்பது. கொங்கு நாட்டுப் பழம்பெயர்களில் ஆத்தாள், அம்மாள், ஆயி, நாயகி என்ற ஒட்டுகளே நீளத்தைக் கூட்டுகின்றன. அவற்றை நீக்கினால் உள்ளே இரண்டு மூன்று எழுத்தில் ஒரு வேர்ச்சொல் இருக்கும். வள்ளியம்மாளுக்குள் வள்ளி இருக்கிறாள், மாராத்தாளுக்குள் மாரி இருக்கிறாள். பொன்னாத்தாளைப் பொன்னி என்று சுருக்கினால் காவிரியின் பழம்பெயராகவும் அது ஆகிவிடும். வடிவம்மாள் வடிவு ஆவதும் நன்றாகவே இருக்கும்; அந்தப் பெயரை ஏன் இப்படிக் கைவிட்டோம் என்று எனக்கு விளங்கியதேயில்லை. இருந்தாலும் எல்லாப் பெயரும் இப்படிக் கழற்றத் தக்கதல்ல. பழனியம்மாளில் ஒட்டை எடுத்தால் பழனி என்றாகி ஆண் பிள்ளையின் பெயராகிவிடும், வேலாத்தாள் வேலு ஆகிவிடும். செல்லாயியில் ஆயியை எடுத்தால் பெயரின் இனிமையே போய்விடும். தெய்வானை, தாமரை, அருக்காணி போன்றவை ஏற்கெனவே முழுச் சொற்கள் என்பதால் அவற்றைத் தொடவே கூடாது. கழற்றிய இடத்தில் 'ஸ்ரீ' என்றோ 'ஷா' என்றோ புதிய வாலைப் பூட்டுவதாக இருந்தால், பழம்பெயரைத் தேடியதே வீண்.

அருக்காணியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அருமை என்ற பொருளுடைய இந்தச் சொல், உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அண்ணன்மார் கதையில் பொன்னருக்கும் சங்கருக்கும் தங்கையாக வருபவளின் பெயர். அவர்களின் தாய் பெயர் தாமரை. அந்தத் தங்கையின் பெயரைத் திரைப்படங்கள் வெகுளியான பட்டிக்காட்டுப் பெண்ணுக்குரிய அடையாளமாக ஆக்கிவிட்டதால், கொங்கு வீடுகளே அதை வைக்கக் கூசத் தொடங்கின. இன்று அதைச் சூட்ட நினைக்கும் பெற்றோர், பள்ளியில் ஓரிரு ஆண்டுகள் கேலி வரக்கூடும் என்பதை அறிந்தே சூட்ட வேண்டும். அந்தத் துணிவு இல்லாதவர்களுக்கு அதே கதையிலிருந்து தாமரை இருக்கிறது. அதைக் கேலி செய்ய யாருக்கும் வாய் வராது.

குடும்பத் தாளில் மனத்துக்குப் பிடித்த பெயர் கிடைக்காவிட்டால் கோயில்களைப் பார்க்கலாம். பேரூரில் பச்சைநாயகி, அவிநாசியில் கருணாம்பிகை, பவானியில் வேதநாயகி, கரூரில் அலங்காரவல்லி என்று ஒவ்வோர் ஊரிலும் அம்மன் ஒரு பழம்பெயரோடு இருக்கிறாள். கருணா, வேதா, அலங்காரம் என்று அவை எளிதில் சுருங்கும். குலதெய்வத்தின் பெயரைப் பிள்ளைக்கு வைப்பது இங்கே நெடுநாள் வழக்கம் என்பதால் பண்ணாரி, மாசாணி போன்றவையும் உண்டு. ஆனால் பண்ணாரி இரு பாலாருக்கும் வழங்கும் பெயர். ஆறுகளில் பவானியும் அமராவதியும் பெயராகிப் பழகியவை. நொய்யலின் பழம்பெயராகிய காஞ்சியை யாரும் இப்போது ஆறாக நினைக்க மாட்டார்கள், பட்டுச் சேலையைத்தான் நினைப்பார்கள்.

பழையது என்பதாலேயே ஒரு பெயர் நல்லதாகிவிடாது. அடுத்தடுத்துப் பிள்ளைகள் இறந்த வீட்டில், பிறந்த குழந்தையைக் குப்பையில் இட்டு எடுத்து வைத்த பெயர்தான் குப்பாத்தாள். அதன் பின்னால் ஒரு தாயின் அச்சம் இருக்கிறது. இனிப் பெண் வேண்டாம் என்று சலித்து வைத்த போதும்பொண்ணு என்ற பெயரையோ நினைவுக்காகக்கூட மீட்க வேண்டியதில்லை.

நட்சத்திர எழுத்துப் பார்க்கும் வீடுகளில் ஒரு சிக்கல் வரும். இருபத்தேழு நட்சத்திரங்களுக்கும் பாதத்துக்கு ஒன்றாக நான்கு எழுத்துகள் சொல்லப்படுகின்றன. அவற்றுள் பல, தமிழ்ச் சொல்லின் முதலில் வராதவை. அஸ்தத்துக்குரிய பூ, ஷ, ண, ட என்னும் நான்கில் பூ ஒன்றுதான் நமக்கு உதவும். பூவாத்தாளைப் பூவாயி, பூவி என்று அந்த இடத்தில் வைக்கலாம். ரோகிணிக்கு வ, வி ஆகியவை இருப்பதால் வள்ளியும் வடிவும் தாமே பொருந்துகின்றன. கார்த்திகையின் அகரத்துக்கு அருக்காணியும், மகத்தின் மகரத்துக்கு மயிலும் உண்டு. எழுத்து அமையாதபோது, காதில் ஓதும் பெயரை அந்த எழுத்தில் வைத்துக்கொண்டு, பதிவுப் பெயரை விருப்பப்படி வைத்துக்கொள்வது பெரியவர்கள் மனம் நோகாத வழி.

தேர்ந்தெடுத்த இரண்டு மூன்று பெயர்களை வாய்விட்டு அழைத்துப் பார்க்க வேண்டும். தோட்டத்து வீட்டு வாசலில் நின்று கிணற்றடி வரை கேட்கும்படி 'வள்ளீ', 'தாமரே' என்று கூப்பிட்டால், கடைசி உயிர் நீண்டு ஒலிக்கிற பெயர் எது என்பது தெரிந்துவிடும். பிற்காலத்தில் அவளை மரியாதையோடு அழைக்கப் போகிறவர்களுக்காக 'ங்க' சேர்த்தும் சொல்லிப் பாருங்கள். மாமியாரின் பெயரை மருமகள் வாயால் சொல்லாத வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. அங்கே மாமியார் பெயரையே குழந்தைக்கு வைத்தால், தாய் அவளை 'அம்மணி' என்றுதான் அழைப்பாள். ஆகவே அந்தப் பெயர் பதிவேட்டில் மட்டும் வாழுமா, வீட்டிலும் வாழுமா என்பதை மருமகளிடம் கேட்டபின் முடிவு செய்வது நல்லது.

பெயர் முடிவாகவில்லை என்பதற்காகப் பிறப்புப் பதிவைத் தள்ளிப்போட வேண்டாம். 21 நாட்களுக்குள் பெயரில்லாமலேயே பிறப்பைப் பதிந்துவிட்டு, 12 மாதங்களுக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்குப் பின் தாமதக் கட்டணம் செலுத்த வேண்டும். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, கடவுச்சீட்டு, ஆதார் ஆகியவற்றுக்குப் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று என்பதால், அதில் ஏறும் எழுத்துக்கூட்டலில் கவனம் வேண்டும். வள்ளிக்கு ஆங்கிலத்தில் ஒரு எல் போடுவதா இரண்டு போடுவதா, தாமரையைத் 'டி'யில் தொடங்குவதா 'டிஹெச்'சில் தொடங்குவதா என்பதை வீட்டிலேயே முடிவு செய்து தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். தெய்வானைக்கு ஆங்கிலத்தில் நான்கைந்து விதமான எழுத்துக்கூட்டல் உண்டு. பதிவு அலுவலகத்தில் கேட்பவர் தம் காதுக்குப் பட்டபடி எழுதிவிட்டால், பின்னர் அதைத் திருத்த அலைய வேண்டியிருக்கும்.