விண்மீன் பொலிவு: கிரேக்கர் பட்டியலைப் படிப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"விண்மீன்களைப் பொலிவுப்படி ஆறு தரங்களாகப் பிரித்தவர் கிரேக்க வானியலாளர் ஹிப்பார்க்கஸ்" என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இதற்கு நேரடிச் சான்று கிடையாது. கி.மு. 2ஆம் நூற்றாண்டில் ரோட்ஸ் தீவிலிருந்து வானத்தை அளந்த அவருடைய நூல்களில் முழுதாக எஞ்சியிருப்பது ஒன்றுதான்: கவிஞர் அராட்டஸ், வானியலாளர் யூடாக்சஸ் இருவரின் விண்மீன் வருணனைகளில் உள்ள பிழைகளைச் சுட்டும் விமர்சன உரை. அதில் பளிச்சென்றது, மங்கலானது என்று சொற்களால்தான் சொல்கிறார். 1 (மிகப் பொலிவானது) முதல் 6 (மிக மங்கலானது) வரையான தர எண்கள் இல்லை. அவை நமக்குக் கிடைப்பது, கி.பி. 150ஐ ஒட்டி அலெக்சாண்டிரியாவில் டாலமி எழுதிய அல்மாஜெஸ்ட் என்ற வானியல் நூலில். 48 விண்மீன் கூட்டங்கள், ஆயிரத்துச் சொச்சம் விண்மீன்கள், அநேகமாக ஒவ்வொன்றுக்கும் ஒரு தரம். அதில் ஹிப்பார்க்கஸின் பங்கு எவ்வளவு என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. 'டாலமியின் தரம்' என்று எழுதினால் வம்பில்லை.

இதைவிட மோசமான தவறு, டாலமியின் 1ஐ இன்றைய 1.0 என்று எடுத்துக்கொள்வது. அவருடையது கண்ணுக்குப் பட்டதை வைத்துப் பிரித்த வகுப்பு. இன்றைய பொலிவெண், வரும் ஒளியை அளந்து பெறுவது; எண் குறையக் குறையப் பொலிவு கூடும். சிரியஸும், நாம் மகம் என்னும் ரெகுலஸும் அவரிடம் முதல் தரம். இன்றைய எண்கள் −1.46, 1.4. அதாவது ஒரே வகுப்புக்குள் கிட்டத்தட்ட 14 மடங்கு வித்தியாசம்! இது தெரியாமல் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் கழித்துப் பார்த்து, "இந்த விண்மீன் 2000 ஆண்டில் மங்கிவிட்டது" என்று முடிவுகட்டக் கூடாது. சில தரங்களுக்கு அருகே டாலமி 'பெரிது', 'சிறிது' என்றும் குறித்திருக்கிறார்; பட்டியலைத் தட்டச்சு செய்வோர் முதலில் விடுவது அதைத்தான். பிரதி எடுத்தவர்களின் கைப்பிழையும் உண்டு. கிரேக்கத்தில் எழுத்துகளே எண்கள்: ஆல்ஃபா 1, டெல்ட்டா 4. பெரிய எழுத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே முக்கோணம். நடுக்கோடு கீழே இறங்கினால் 1 என்பது 4 ஆகிவிடும்.

ஐந்து தர வித்தியாசத்துக்கு ஒளியில் 100 மடங்கு என்ற விதியையும் கிரேக்கர் தலையில் கட்டுகிறார்கள். அது 1856இல் இங்கிலாந்தின் நார்மன் போக்சன் முன்வைத்தது. 1861இல் சென்னை வானாய்வகத்துக்கு வந்து, 1891இல் இங்கேயே இறந்தார் அவர். அவருடைய கணக்கில் ஒரு படிக்கு 2.512 மடங்கு. இதைப் பெருக்கிவிடக் கூடாது, அடுக்காகப் போட வேண்டும். பொலிவெண் வித்தியாசத்தை 0.4ஆல் பெருக்கி, வந்ததை 10இன் அடுக்காக்குங்கள். சிரியஸுக்கும் துருவ விண்மீனுக்கும் (1.98) வித்தியாசம் 3.44, 0.4ஆல் பெருக்க 1.376, விடை சுமார் 24 மடங்கு. வெறுமனே 2.512 × 3.44 போட்டால் 8.6 வரும், தவறு. பொலிவெண்களைக் கூட்டுவதும் அப்படியே: 2.0 உள்ள இரண்டு விண்மீன்கள் ஒட்டித் தெரிந்தால் 4 ஆகாது, 1.25 ஆகும்.

விண்மீன்களுக்கு ஆல்ஃபா, பீட்டா என்று வரும் கிரேக்க எழுத்துப் பெயர்கள் கிரேக்கர் வைத்தவை அல்ல, ஜெர்மானியர் பேயர் 1603இல் வைத்தவை. அவற்றைப் பொலிவு வரிசையாக நம்ப வேண்டாம். மிதுனத்தில் பீட்டாவான போலக்ஸ், ஆல்ஃபாவான காஸ்டரைவிடப் பொலிவானது.

வெறுங்கண்ணால் டாலமியைச் சோதிக்க நினைப்பவர்கள் சறுக்குவது, விண்மீன் அடிவானத்துக்கு மேல் நிற்கும் உயரத்தில். 30 டிகிரியில் ஒளி கடக்கும் காற்று தலைக்கு மேலிருப்பதைப் போல இரு மடங்கு, 10 டிகிரியில் ஐந்தரை மடங்கு. நல்ல வானத்திலும் ஒரு மடங்கு காற்றுக்கு 0.2 முதல் 0.3 வரை பொலிவு போகும். கனோபஸ், நம் அகத்திய நட்சத்திரம், −0.74. அலெக்சாண்டிரியாவில் அது 6 டிகிரிச் சொச்சத்துக்கு மேல் ஏறாது. ஒன்றரைக்கும் மேல் இழந்து, டாலமி கண்ணுக்கு ஏறக்குறைய 1 ஆகத்தான் தெரிந்திருக்கும். முதல் தரம் என்றே எழுதினார். சென்னையில் அது 24 டிகிரி வரை ஏறும்.

ஆகவே ஒரே உயரத்தில் நிற்கும் இரண்டு விண்மீன்களை ஒப்பிடுங்கள். 20, 30 நிமிடம் இருட்டில் கண்ணைப் பழக்கிய பிறகு. திருவாதிரையின் பொலிவை மதிப்பிட, 0.4 உள்ள புரோசியானையும் 0.9 உள்ள ரோகிணியையும் இரு எல்லையாக வைக்கலாம். புரோசியானிலிருந்து ரோகிணி நோக்கி மூன்றில் ஒரு பங்கு மங்கலாகத் தெரிந்தால் 0.57, சுருக்கமாக 0.6. திருவாதிரையை முறைத்துப் பார்க்காதீர்கள்; செந்நிற விண்மீனை உற்று நோக்க நோக்க, உள்ளதைவிடப் பொலிவாகத் தெரியும்.