மீட்கப்பட்ட திருட்டுப் பொருளைக் கோர்ட்டிலிருந்து வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

நகையையோ வண்டியையோ போலீஸ் மீட்டுவிட்டது என்றதும், வழக்கு முடிந்தால்தான் கைக்கு வரும் என்று பலர் காத்திருந்துவிடுகிறார்கள். அப்படிக் காத்திருக்க வேண்டியதில்லை. விசாரணை நடக்கும்போதே இடைக்காலமாகக் கேட்டு மனு போடலாம். வழக்குச் சொத்துகளைத் தேவைக்கு மேல் காவல் நிலையத்தில் போட்டுவைக்கக் கூடாது என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497-ஆவது பிரிவு இன்னும் தெளிவு: பொருள் கோர்ட்டுக்கு வந்த 14 நாளுக்குள் விவரப் பட்டியல் தயாரிக்க வேண்டும், படமும் தேவைப்பட்டால் வீடியோவும் எடுக்க வேண்டும், அதன்பின் 30 நாளுக்குள் உத்தரவிட வேண்டும். அந்தப் பட்டியலும் படமும் சாட்சியமாகவே செல்லும். "சாட்சியத்துக்குப் பொருள் வேண்டும்" என்ற ஆட்சேபணைக்கு இதுதான் பதில்.

பொருள் எங்கே இருக்கிறது என்று பார்க்காமல் மனு போடுவது அடுத்த தவறு. கோர்ட்டில் ஒப்படைத்திருந்தால் 497-ஆவது பிரிவில் மனு. போலீஸ் பறிமுதலை நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) தெரிவித்துவிட்டு, பொருளை ஒப்படைக்காமல் வைத்திருந்தால் 503. (பழைய சட்டத்தில் இவை 451, 457.) வேறு ஸ்டேஷன் மீட்டிருந்தால் பொருள் வேறு கோர்ட்டில்கூட இருக்கலாம். எஃப்.ஐ.ஆரில் உள்ள குற்ற எண்ணைச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனு தடுமாறுவது பெரும்பாலும் அடையாளத்தில்தான். கைப்பற்றிய மகஜரின், அதாவது பொருளைக் கைப்பற்றும்போது போலீஸ் எழுதும் ஆவணத்தின், நகலை முதலில் வாங்குங்கள். அதில் உள்ள விவரமும் உங்கள் மனுவில் உள்ள விவரமும் ஒத்துப்போக வேண்டும். புகாரில் "8 பவுன் செயின்" என்று எழுதியிருப்பீர்கள், அதாவது 64 கிராம். மகஜரிலோ 61 கிராம் இருக்கும். கல் எடை, தேய்மானம், அறுந்த கொக்கி என்று வித்தியாசத்துக்கான காரணத்தை மனுவிலேயே எழுதுங்கள். எதிர்த்தரப்பு கேட்கும்வரை விடாதீர்கள். பில் தொலைந்திருந்தால், முன்பு அடகு வைத்த வங்கியின் நகைக்கடன் ரசீது கைகொடுக்கும், எடை அதில் இருக்கும். நகையை அணிந்து எடுத்த பழைய படமும் உதவும். போனுக்கு அதன் தனி அடையாளமான 15 இலக்க ஐஎம்இஐ எண்; பெட்டியிலும் பெரும்பாலும் பில்லிலும் இருக்கும். வண்டிக்கு நம்பர் பிளேட்டை நம்பாதீர்கள், சேசிஸ் எண்ணையும் இன்ஜின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். பழைய வண்டியை வாங்கிப் பெயர் மாற்றாமல் ஓட்டியவர் இங்கே சிக்குவார். பதிவு உரிமையாளரின் சம்மதக் கடிதமாவது வேண்டியிருக்கும்.

இன்சூரன்ஸ் பணம் வாங்கியதை மறைக்கவே கூடாது. இழப்பீடு கொடுத்த நிறுவனமும் வண்டிக்கு உரிமை கோரலாம்.

உத்தரவு வந்ததும் வேலை முடிந்ததென்று நினைத்துச் செய்யும் தவறுகள்தான் வருந்தத்தக்கவை. சொந்தப் பிணைப் பத்திரமும் ஜாமீன்தாரரும் கேட்பார்கள். விற்கக் கூடாது, உருமாற்றக் கூடாது, அழைத்தால் கொண்டுவர வேண்டும் என்பவை வழக்கமான நிபந்தனைகள். நகையை உருக்கி வேறு டிசைன் செய்வதும், வண்டிக்குப் பெயின்ட் மாற்றுவதும் நிபந்தனை மீறலே. பிணைத் தொகையைப் பறிமுதல் செய்யலாம்.

தீர்ப்பு வந்தபின் சான்றுப் பொருள் பற்றிய பத்தியைத் தேடிப் படியுங்கள். இடைக்கால ஒப்படைப்பு இறுதி உரிமை ஆகாது. தீர்ப்பில் எதுவும் சொல்லாமல் விட்டிருந்தால், 498-ஆவது பிரிவின்கீழ் மனு கொடுத்து உத்தரவு பெற்று, பிணைப் பத்திரத்தையும் ரத்து செய்துகொள்ளுங்கள்.